பாயசம் மணத்த பீர்

"என்ன சோலி பாக்குற ஆத்தா?" என்று யார் கேட்டாலும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரே பதில்தான். "பீர் ருசி பாக்குற சோலி." கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு இன்னும் விளக்கமாகவே எடுத்துச் சொல்வாள். "பெங்களூர்ல ஒரு பீர் ஆலை. அவுக காய்ச்சுறதைக் குடிச்சுப் பாத்து, சரியா வந்திருக்கா, என்ன குறைன்னு சொல்லணும். மாசச் சம்பளம்."

அவளுடைய அம்மாவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். பெரியம்மா ஊருக்குச் சொல்லிவைத்திருந்தது வேறு. சாப்பாட்டுச் சாமான் கம்பெனியில் பெரிய உத்தியோகம் என்று சொல்லியிருந்தார். இந்த இரண்டு பதில்களும் ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்த இலைகளில் சந்தித்துக்கொண்டன. அன்றைக்குப் பெரியம்மா ரசத்துக்கு முன்னாலேயே எழுந்து கை கழுவப் போய்விட்டார். அக்கா மோர் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டாள். பக்கத்து இலைக்காரம்மா பாதி வெறுப்பும் பாதி ஆசையுமாக, "குடிச்சுப்புட்டுத் துப்பிருவியாம்மா?" என்று கேட்டதற்கு, "இல்லம்மா, முழுங்கணும். கசப்பு தொண்டைக்குள்ள இறங்கினாத்தான் அது எப்படிப்பட்ட கசப்புன்னு தெரியும்" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் அப்போது ஊருக்கு வந்திருந்தது விருந்தாட அல்ல. கொரோனாவில் அவளுக்கு மூக்கு போய்விட்டது. காய்ச்சலும் இருமலும் தீர்ந்த பிறகும் வாசம் திரும்பவில்லை. மல்லிகையும் சாக்கடையும் அவளுக்கு ஒன்றுதான். ஆலையில், மூக்கு வந்ததும் வாருங்கள், உங்கள் நாற்காலி அப்படியே இருக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வராவிட்டால் என்ன என்பதை அவர்களும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வீட்டில் மட்டும் அதற்குப் பதில் தயாராக இருந்தது. அண்ணனுக்கு ஏலக்காய் வியாபாரம். கடையில் ஒரு மேஜை போட்டுத் தருகிறேன், வீட்டோடு இருந்துகொள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் சொந்தச் சம்பளத்தில் வாடகை கொடுத்துத் தனியாக வாழ்ந்துவிட்டவளுக்கு அண்ணன் வீட்டு மாடி அறை எப்படி இருக்கும் என்பது அண்ணன்மாருக்குப் புரியாது. அந்த நாற்காலிக்குத் திரும்புவது அவளுக்கு உயிர் மூச்சாக இருந்தது. இதை எதிரே உட்கார்ந்து பார்த்தவள் நான்.

வாசம் போனவள் வந்து உட்கார்ந்த ஊரையும் பாருங்கள். போடியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் எதிர்கொண்டு வருவது ஏலக்காய் மணம்தான். கடைக்குக் கடை, சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்குக் கிட்டங்கி, அதுதான். நான் அவள் அண்ணன் கடையில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் கிளம்பும்போது, மலையிலிருந்து வந்த சாம்பிளில் இரண்டு காயை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் போவேன். அவள் கேட்டு வாங்கிய பழக்கம் அது. போன மூக்கைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காய், கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பிப் பொடி எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக முகருவாள். காயை நான்தான் நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோவேன். அரை மைல் தள்ளி இருப்பவனுக்கும் தெரிகிற வாசம் அது. அவள் இழுத்து, நிறுத்தி, விட்டு, மறுபடி இழுத்து, பிறகு சொல்வாள்.

"இல்லை."

இந்த 'இல்லை'யை அவள் சொல்கிற விதத்தை நான் சொல்லியாக வேண்டும். அதில் அழுகை கிடையாது. பஸ் வந்துருச்சா என்று கேட்டால் வரலை என்கிறோமே, அந்த மாதிரி இருக்கும். ஒரு நாள் எனக்கே பொறுக்கவில்லை. "லேசாக்கூடவா தெரியலைக்கா?" என்றேன். "தெரியுற மாதிரி இருக்குன்னு சொன்னா உனக்குச் சந்தோசம், எங்கம்மாவுக்குச் சந்தோசம். ஆனா அது என் ஆசை. வாசம் இல்லை" என்றாள். ருசி சொல்கிறவளுக்கு முதல் பாடமே இதுதானாம். இருப்பதைச் சொல்ல வேண்டும், இருக்க வேண்டும் என்று நினைப்பதைச் சொல்லக் கூடாது.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு சொந்த ஊரில் காலம் தள்ளுவது லேசில்லை. பெரியம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். நேர்ச்சையைச் செலுத்தின சூட்டோடு, பொண்ணுக்கு மூக்கு வந்துவிட்டது என்று தெருவில் சொல்லவும் ஆரம்பித்தார். சாமிக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறாராம். வீட்டுக்கு வந்த ஒரு அம்மாள், "ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா பாத்தியா" என்று நெகிழ்ந்துபோய் இவள் கையைப் பிடித்தார். இவள் அந்தக் கையை உதறவில்லை. "அவ தொறந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவேன். இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் தெரியலைங்க" என்றாள். பெரியம்மா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

இன்னொரு முறை குரங்கணிக்கு ஜீப்பில் போனோம். காப்பி பூத்திருந்த சமயம். ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் மூச்சை இழுத்து இழுத்து, என்ன வாசம், என்ன வாசம் என்று உருகிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்து எல்லாரும் சட்டென்று அடங்கிவிட்டார்கள், சாவு வீட்டில் சிரித்துவிட்டவர்களைப் போல. அவளுக்கு அதுதான் கோபம். "ஏன் நிறுத்திட்டீக? எனக்கு வெள்ளையாத் தெரியுது. உங்களுக்கு மணக்குது. அவங்கவங்களுக்கு உள்ளதை அவங்கவங்க சொல்லுங்க" என்றாள். ஜீப்பு மலை ஏறி முடிக்கும்வரை பூவைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான். ஹாப்ஸ் என்று ஒரு கொடி, அதன் பூவைக் காயவைத்துப் போடுகிறார்கள். கொதிக்கும்போது போட்டால் கசப்பு. எல்லாம் ஆறி, புளித்து முடிகிற சமயத்தில் கொதிக்கவிடாமல் அப்படியே போட்டால் கசப்பு அதிகம் ஏறாது, வாசம் மட்டும் நிற்கும். "ரசத்தை இறக்கி வச்சுட்டு மல்லித்தழையைக் கிள்ளிப் போடுறோம்ல, அந்தக் கணக்குதான்" என்பாள். லாகர் என்பது குளிரில் மெல்ல மெல்ல ஆகிற பீர் சாதி. வெறுங்கழுத்தோடு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி, மறைத்துக்கொள்ள அதில் ஒன்றும் இருக்காது. அதனால் லாகரில் செய்த தப்பு ஊருக்கே தெரியும் என்று சொல்வாள்.

அப்படி ஒரு லாகரைத் தூக்கிக்கொண்டு ஆலை முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். கோயம்புத்தூர்க்காரர், பதவிசான மனிதர். அவர் வருவதற்குப் பின்னால் ஒரு வியாபாரம் இருந்தது. இவள் ஊர் ஏலக்காய் ஊராயிற்றே என்று அவருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. கடைசியில் ஹாப்ஸ் போடும்போது அதோடு போடி ஏலக்காயையும் தட்டிப் போட்டுவிட்டார். காய் அனுப்பியது அண்ணன். பீர் விலைபோனால் அண்ணனுக்கு வருஷம் முழுக்க ஆர்டர். போடிப் பெண், ஆலையின் பழைய ருசிக்காரி, அவள் வாயால் சரி என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் டின்னை வெளியே விட வேண்டியதுதான் பாக்கி. வேலைக்குத் திரும்புகிற பேச்சும் அதோடு நல்லபடியாக முடிந்துவிடும்.

முதலாளி அவளிடம் மூக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது அப்போதே உறுத்தியது. பெரியம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்ததும் உறுத்தியது.

ஐஸ் பெட்டியைத் திறந்து இரண்டு வகை டின்களை எடுத்து வைத்தார். ஒன்று ஏலக்காய் போட்டது. இன்னொன்று அதே பீர், ஏலக்காய் இல்லாமல் ஹாப்ஸ் மட்டும். அக்கா டின்னைத் திறந்தபோது சீற்றம் கொஞ்சம் பலமாகவே இருந்தது. அவள் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மேலேயிருந்து கொண்டுவந்த கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். நுரை எப்படி நிற்கிறது, எப்படி இறங்குகிறது, கண்ணாடியில் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்ளரை வட்டமாகச் சுழற்றி, அதன் வாயை உள்ளங்கையால் மூடி, கையை எடுத்து முகர்ந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்த அறையில் மூன்று பேருக்குத் தெரியும். ஆனால் ஒரு படியைக்கூட அவள் விடவில்லை.

அதற்குள் வாசம் வீடெங்கும் பரவிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு மணம். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "பாயசம் மாதிரில்ல இருக்கு" என்றார். பீர் என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாத பெரியம்மா, தம்ளரை வாங்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு முகர்ந்துவிட்டு, "கோயில் பாயசம்" என்று சான்றிதழே கொடுத்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "இதைத்தாங்க எங்க ஆளுங்களும் சொன்னாங்க. பாயசம் மாதிரி வந்திருக்குன்னு" என்றார்.

அக்கா ஒரு வாய் எடுத்தாள். நாக்கில் எல்லாப் பக்கமும் ஓடவிட்டு முழுங்கினாள். இன்னொரு வாய். பிறகு நாக்கால் மேலண்ணத்தைத் தடவிக்கொண்டே சும்மா இருந்தாள். ஏலக்காய் இல்லாத டின்னையும் அதே மாதிரி பார்த்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதை வெளியே விடாதீங்க சார்."

"ஏலக்காய் ஜாஸ்தியா?" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார்.

"ஏலக்காயைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. கீழ இருக்கிற பீர்ல குறை இருக்கு. ஒளிஞ்சு கெடக்குறது சூடு பட்டா வெளிய வரும். வெந்நீர் வச்சுக் காட்டுறேன்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அண்ணன் அவள் பின்னாலேயே வந்தார். நான் பாத்திரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் குரலைத் தாழ்த்தி, "ஏத்தா, உனக்குத்தான் மணமே தெரியாதே. எங்க எல்லாருக்கும் நல்லாத்தான இருக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன். உனக்குச் சோலி கெடைக்கும், எனக்கு ஆர்டர் வரும். யாருக்கு என்ன நட்டம்?" என்றார். நியாயமாகப் பார்த்தால், இவளுக்கு மூக்கு இல்லை என்று ஒரு வார்த்தை வெளியே சொன்னால் அவர் ஆர்டர் தப்பித்திருக்கும். தங்கை வேலை போய்விடுமே என்றுதான் அதைச் சொல்லாமல் இருந்தார். அந்த மரியாதையை அவருக்குக் கொடுக்க வேண்டும்.

"நாக்கு இருக்குல்லண்ணே" என்றாள் அக்கா. அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஏலக்காய் இல்லாத பீரை இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி இறுக மூடினாள். ஒன்றை அப்படியே வைத்தாள். மற்றதைக் கை பொறுக்காத வெந்நீரில் உட்காரவைத்தாள். காத்திருந்த நேரத்தில் முதலாளிக்குக் காப்பி கொடுத்தோம். அவர் பாதிதான் குடித்தார். பிறகு அந்தப் பாட்டிலை ஐஸில் ஆறவைத்து, இரண்டையும் என் முன்னால் நகர்த்தினாள்.

"ஏ புள்ள, நீ மோந்து பாரு. இன்னைக்கு முன்னாடி பீரையே மோக்காத மூக்கு. அதுக்கு ஆசை கெடையாது."

சூடுபடாத பாட்டிலைத் திறந்தேன். எலுமிச்சைத் தோல், பச்சைப் புல், ஏதோ பூ, அடியில் வேறு ஏதோ லேசாக இருந்தது. சூடுபட்டதைத் திறந்தேன். வெண்ணெய் உருக்கிக்கொண்டிருக்கிற சட்டியின் மூடியைத் திறந்த மாதிரி குப்பென்று வந்தது. நான் சொல்வதற்குள் பெரியம்மாவே, "நெய் காய்ச்சுறாப்புல இருக்கே" என்றார். முதலாளி வாங்கி முகர்ந்தார். முகர்ந்துவிட்டு மறுபடி முகர்ந்தார். மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

"ஹாப்ஸைப் போட்டதும் அடங்கிக் கெடந்த ஈஸ்ட் திரும்பவும் முழிச்சுக்கும் சார். அது வேலை செய்யும்போது இந்த வெண்ணெய் வரும். கொஞ்ச நாள் பொறுத்தா அதுவே அதைத் தின்னு தீத்துரும். நீங்க பொறுக்காம குளிர்ல தள்ளிட்டீக. டின்னுக்குள்ளயே இன்னும் வளரும்" என்றாள் அக்கா. "ஏலக்காய் அதுக்கு ஜோடி சேந்துருச்சு. நெய்யும் ஏலக்காயும் சேந்தா நம்மாளுக பாயசம்னு கையெடுத்துக் கும்புடுவாங்க. உங்க ஆளுகளும் அதைத்தான் செஞ்சிருக்காங்க."

முதலாளி கொஞ்சம் மல்லுக்கட்டிப் பார்த்தார். அறிமுகத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது, அவசரப்பட்டது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார். "ஆனா பாருங்க, குடிக்கிறவங்களுக்குப் பிடிச்சுப் போச்சுன்னா அப்புறம் என்ன குறை?" என்றார்.

"அப்ப டின்னுல பாயசம்னு போட்டு வித்துருங்க. லாகர்னு போட்டீங்கன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன்."

முதலாளி சிரித்துவிட்டார். தோற்றவர் சிரிப்புதான் என்றாலும் மனம் விட்ட சிரிப்பு. எழுந்து நின்றார். "டேங்க்கைக் காலி பண்ணிடறேன். உங்க மூக்கு முன்னைவிடக் கூர்மையாத் திரும்பிருக்கு. மூக்கு வந்துருச்சுன்னு அம்மா போன்ல சொன்னப்போ நான்கூட பாதிதான் நம்பினேன். திங்கக்கிழமையே கிளம்பி வந்துடுங்க. உங்க நாற்காலி உங்களுக்குத்தான்."

அண்ணன் ஆர்டரை மறந்து தங்கையைப் பார்த்தார். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் மனதுக்குள் கெஞ்சினேன். சும்மா இருக்கா, வாயைத் திறக்காதே, நீ ஒரு பொய்யும் சொல்லவில்லை, சொன்னது உன் அம்மா. தலையை மட்டும் ஆட்டினால் போதும். பெங்களூரில் உன் அறை, உன் சாவி, உன் சம்பளம்.

அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

"மூக்கு வரலை சார்" என்றாள். "இப்பவும் ஒண்ணும் தெரியலை. வீடே மணக்குதுன்னு இவுக சொன்னாக, எனக்கு அதுவும் தெரியலை. டின்னைத் தொறந்தப்ப கேஸ் கூடுதலாக் கேட்டுச்சு. வாயில ஊத்தினா எண்ணெய் தடவுன மாதிரி நாக்கு வழுக்குச்சு. இனிப்பு இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. அதை வச்சுத்தான் சொன்னேன். ஏலக்காய் எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் பாயசம்னுதான் சொல்லிருப்பேனோ என்னமோ."

முதலாளி மறுபடி உட்கார்ந்துவிட்டார். "இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார்.

"சொல்லாம வந்து உக்காந்தா, நாளைக்கு வாசத்துல வேற குறை வரும். நான் சரின்னு கையெழுத்துப் போட்டுருவேன். அதுக்கு எனக்குச் சம்பளம் குடுப்பீங்களா?"

அவர் ஐஸ் பெட்டியை மூடினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க ஆளுங்க அத்தனை பேரும் நல்லாருக்குன்னு சொன்ன பீர். இப்ப போய் அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று யாரிடமோ கேட்பவர்போலக் கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுங்க. மூக்கு இல்லாதவ ஒருத்தி திருப்பி அனுப்பிட்டான்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

அந்த ஆலை அவளைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. டேங்க்கைக் காலி செய்தது மட்டும் உண்மை, அண்ணனுக்கு அந்த ஆர்டர் வராமலே போனதை வைத்து அது எங்களுக்குத் தெரிந்தது. மறு வருஷம் அவள் ஓசூர்ப் பக்கம் தண்ணீர் பரிசோதிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை தேடிக்கொண்டு போனாள். அங்கே முதல் கேள்விக்கு முன்னாலேயே தனக்கு வாசம் தெரியாது என்று சொல்லித்தான் உட்கார்ந்தாளாம். இப்போதும் என்ன சோலி என்று கேட்டால், பீர் ருசி பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது தண்ணீர் பார்க்கிறேன் என்றுதான் சொல்வாளாக இருக்கும்.

எனக்கு அவளை நினைத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும். கார் போன பிறகு பெரியம்மா அடுப்படியிலேயே இருந்தார். அண்ணன் கடைக்குப் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று தெரிந்தும். நான் என் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன், இருப்புக் கொள்ளவில்லை. இன்றைக்கு அவளிடம் அந்தக் காயைக் கொண்டுபோவதா வேண்டாமா என்று எனக்கு ஒரே குழப்பம். வெந்த புண் இல்லையா. அப்போது மாடி ஜன்னலிலிருந்து அவள் குரல்தான் வந்தது.

"ஏ புள்ள, நேரமாச்சுல்ல. காயி எங்க? வெரசா கொண்டா."

சனிக்கிழமை எடுத்து வந்ததில் மிச்சம் இருந்தது. கொண்டுபோனேன். அவள் கட்டிலில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் காயை நகத்தால் கீறி அவள் மூக்கருகே பிடித்தேன். அந்தச் சின்ன அறை முழுக்க ஏலக்காய். அவள் இழுத்தாள், நிறுத்தினாள், விட்டாள், மறுபடியும் இழுத்தாள்.

"இல்லை" என்றாள். கண்ணைத் திறந்து, என் கையிலிருந்த காயை ஒரு பார்வை பார்த்தாள். "நாளைக்குக் கொஞ்சம் நல்ல காயாக் கொண்டா."